முப்பது நாள் ரீடிங்

தொட்டி நிரம்பி வழிந்ததற்கு நான்தான் காரணம். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. ஆனால் ஆபீஸில் எல்லோரும் நான் தூங்கிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அதைத்தான் மறுத்தேன். இருபத்து மூன்று வருட சர்வீஸில் டியூட்டி நேரத்தில் நான் கண்ணயர்ந்ததே கிடையாது.

அன்றைக்கும் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். மேல்தொட்டி நிறைந்துவிட்டது என்று கேஜ் காட்டியது, பார்த்தேன். அபாய மணி அடித்தது, கேட்டேன். மோட்டாரை நிறுத்தும் பொத்தான் என் நாற்காலியிலிருந்து ஆறு அடி. நாற்பது நிமிடம் நான் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் வழிந்து ரோட்டில் ஓடி, யாரோ நிறுத்தியிருந்த காருக்குள் புகுந்தது. கார்க்காரர் பம்ப் ஹவுஸ் கதவைத் தட்டோ தட்டென்று தட்டிவிட்டு, அவராகவே உள்ளே வந்தார். நான் கைகாட்டினேன். அவர்தான் பொத்தானை அமுக்கினார்.

"ஏன்யா நிறுத்தல?" என்று என்ஜினியர் கேட்டார்.

"எந்திரிக்கத் தோணல சார்."

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். தோணவில்லை என்பதற்கு அவரிடம் படிவம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்த டாக்டரம்மாவுக்கு என் சர்வீஸ் வயதுகூட இருக்காது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். ஏழெட்டு மாதம் இருக்கும் என்றேன். என்ன காரணம் என்றார். அதுதான் எனக்கும் புரியவில்லை. வீட்டில் யாரும் சாகவில்லை. மனைவி நல்லவள். மகள் நன்றாகப் படிக்கிறாள். காரணம் இருந்தால் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க மாட்டேனா?

ஒரு மாத்திரையும் ஒரு தாளும் கொடுத்தார். மாத்திரையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. தாளில் முப்பது வரி. ஒவ்வொரு வரியிலும் எத்தனை மணிக்கு எழுந்தேன், குளித்தேனா, மூன்று வேளையும் சாப்பிட்டேனா, எவ்வளவு நேரம் நடந்தேன், யாரோடு எத்தனை நிமிடம் பேசினேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் மனநிலை, பூஜ்யத்திலிருந்து பத்து வரை.

"லீவுல இருங்க, தினமும் எழுதுங்க. முப்பது நாள் கழிச்சுத் தாளப் பார்த்துட்டு லெட்டர் தர்றேன். சரியா இருந்தா திரும்ப பம்ப் ஹவுஸ். இல்லைன்னா கொஞ்ச நாளைக்கு வேற வேலைக்கு மாத்தச் சொல்லி எழுதுவேன்."

வேற வேலை என்றால் புகார்ப் பிரிவு. எனக்குத் தெரியாதா? ஒரு மேசை, ஒரு டெலிபோன், காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் வரவில்லை என்று ஊரே திட்டும். இருபத்து மூன்று வருடம் தண்ணீர் அனுப்பியவன் அங்கே போய் உட்கார வேண்டும். செத்தாலும் மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் அந்தச் சொல்லை நான் கொஞ்சம் அடிக்கடி நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பம்ப் ஹவுஸில் மணிக்கொரு தடவை ரீடிங் எழுத வேண்டும் என்பது விதி. பிரஷர், தொட்டியின் மட்டம், மோட்டார் ஓடிய நேரம் எல்லாம். பத்து மணி ரீடிங்கைப் பத்து மணிக்கு எழுந்துபோய் எழுதுகிறவன் புதிதாகச் சேர்ந்தவன். மற்றவர்கள் ஷிப்ட் முடியும்போது எட்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவோம். கையிருப்பு வேண்டுமென்றால் மறுநாளுக்கும் சேர்த்து எழுதி வைப்போம்.

அதிலும் ஒரு கைத்திறன் உண்டு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். எப்போதும் கால் மணி நேரம் தாமதமாக வருவதால் கால்மணி என்று நாங்கள் கூப்பிடும் ஒருவன் எங்களோடு இருக்கிறான். அவன் எட்டு வரியிலும் ஒரே எண்ணை எழுதி மெமோ வாங்கினான். "ஏத்தி இறக்கி எழுதுடா. சீரா இருந்தா சந்தேகம் வரும்" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குச் சாயங்காலமே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முப்பது நாளையும் எழுதி முடித்தேன். மூன்று பேனா மாற்றினேன். நடை ஒரு நாள் 6.10 முதல் 6.35 வரை, மறுநாள் 6.15 முதல் 6.35 வரை. தூக்கம் ஆறே முக்கால், ஏழு, ஆறரை. பன்னிரண்டாம் நாள் நடைக் கட்டத்தில் 'மழை, போகவில்லை' என்று எழுதினேன். பேச்சுக் கட்டத்துக்குத்தான் ஆள் போதவில்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர். முப்பது நாளும் மனைவி, மகள் என்றே இருந்தால் சீராகத் தெரியும். அதனால் ஒன்பதாம் நாள் 'மச்சான், 20 நிமிடம்' என்று போட்டேன். மச்சானோடு நான் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது. மனநிலை ஆறரைக்குக் கீழே இறங்காமல், ஏழரைக்கு மேலே போகாமல் பார்த்துக்கொண்டேன். ஓரத்தில் கொஞ்சம் டீயும் சிந்தினேன்.

அந்த ஏழெட்டு மாதத்தில் நான் மனசு வைத்துச் செய்த வேலை அது ஒன்றுதான். தாளை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினேன். போய் சோபாவில் படுத்தேன்.

மறுநாள் காலையில் யாரோ என் காலைச் சுரண்டினார்கள். மனைவி என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மணி ஆறு பத்து. எந்திரிங்க."

"எதுக்கு?"

"நடைக்கு. எழுதி வச்சிருக்கீங்களே."

அவளுக்குப் பின்னால் மகள். பதினாலு வயது. வாயைத் திறந்தால் குறுக்கு விசாரணைதான் என்பதால் வீட்டில் அவள் பெயர் வக்கீல். "அப்பா, முப்பது நாளுக்கும் டைம் போட்டுப் பிளான் பண்ணியிருக்கீங்க. எனக்குப் பரீட்சைக்குக்கூட இப்படிப் போடத் தெரியாது" என்றாள்.

அவர்கள் அதைத் திட்டம் என்று நினைத்துவிட்டார்கள். அல்லது நினைத்தது போல நடித்தார்கள், அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. என் மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன் என்று சொல்லும் வாய்களை நாளெல்லாம் திறந்து பார்க்கிறவள். அவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவா முடியும்? ஆனால் அது திட்டமில்லை என்று நான் சொன்னால், பிறகு என்னவென்று சொல்ல வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டேன்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். 6.35 வரை என்று எழுதியிருந்ததால் 6.35 வரை நடந்தேன். மூச்சு வாங்கி 6.30க்கே வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட நாளில், இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று மனைவி என்னை மறுபடி தெருமுனைக்கு அனுப்பினாள். 6.50க்குக் குளியல் என்றால் 6.50க்குக் குளியலறைக் கதவு திறந்திருக்கும், துண்டு தொங்கும். முழுசாக ஏழு மணி என்று எழுதியிருக்கலாம். எழுத மாட்டேனே, நான் பெரிய கைகாரன் ஆயிற்றே.

ஒற்றைப்படை நாட்களில் மகளோடு பதினைந்து நிமிடம் பேச வேண்டும். அவள் கடிகாரத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முதல் தடவை பதினோரு நிமிடம் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்குப்பா."

"என்ன பேசறது?"

"உங்க இஷ்டம்."

குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு எப்படி வேலை செய்கிறது என்று சொன்னேன். கொட்டாவி விட்டாள். ஆனாலும் எழுந்து போகவில்லை. அடுத்த தடவை அந்த வால்வு பழுதானால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. மச்சான், ஒரு பை ஆப்பிளோடு.

எங்கள் சண்டை பெரிய சண்டை இல்லை என்று என் மனைவி சொல்வாள். அவளுக்குச் சண்டை தெரியாது. இவன் புது வீடு கட்டி எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டான். வந்தவர்களிடம் என்னைக் காட்டி, மாமா தண்ணீர் ஆபீஸில் மோட்டார் போடுகிறவர் என்று அறிமுகம் செய்தான். முதல் நிலை ஆபரேட்டர் நான். சுவிட்ச் தட்டுகிறவனா? பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

"மாமா, நீங்க என்னோட பேசணும்னு எழுதி வச்சிருக்கீங்கன்னு அக்கா சொன்னா." அவன் கண் கலங்கியிருந்தது. "நாலு வருஷமா நான்தான் வந்திருக்கணும்."

நான் என்ன சொல்வேன்? வெரைட்டிக்காக எழுதினேன் என்றா?

"மோட்டார் போடுறவர்னு ஏன் சொன்ன?" என்றேன்.

"எப்போ?"

நாள், கிழமை, எந்த மேசை, பக்கத்தில் யார் என்று எல்லாம் சொன்னேன். அவன் ஆப்பிள் பையைக் கீழே வைத்தான். "ஆபரேட்டர்ங்கற வார்த்தை சட்டுனு வாயில வரல மாமா. இதுக்கா நாலு வருஷம்?"

இருபது நிமிடம் முடிந்தது என்று வக்கீல் அறிவித்தாள். அவன் அதற்கு மேலும் ஒரு மணி நேரம் இருந்து, கொண்டு வந்த ஆப்பிளில் மூன்றைத் தானே தின்றுவிட்டுப் போனான். இப்போது வாரா வாரம் போன் பண்ணுகிறான். அவனைத் தாளில் எழுதியது என் குற்றம்தான்.

பன்னிரண்டாம் நாள் வெயில் கொளுத்தியது. ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னைக்கு லீவு, மழை" என்றாள் மனைவி.

"எங்கே மழை?"

"எழுதினது எழுதினதுதான்" என்றாள் வக்கீல்.

ஆறு பத்துக்கு ஜன்னல் பக்கம் நின்று தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் கையை ஆட்டி, வரவில்லையா என்று கேட்டார். மழை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

இப்படியே போயிற்று. உடம்பு சொன்னபடி கேட்டது. பசித்தது. தூக்கம்கூட ஆறரை மணி நேரம் வந்தது. ஆனால் உள்ளே ஒன்று இருக்கிறதே, அது சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நடக்கும்போதும் அது படுத்தே கிடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வானேன், இன்னும் எட்டு நாளில் லெட்டர் வந்துவிடும்.

இருபத்து மூன்றாம் நாள் வக்கீல் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எல்லாக் கட்டமும் எழுதினபடி நடக்குது. நானும் அம்மாவும் பாத்துக்கறோம். கடைசிக் கட்டத்தை மட்டும் எங்களால பாக்க முடியல. இன்னைக்கு ஏழுன்னு போட்டிருக்கு. ஏழா?"

"ரீடிங்னா அப்படித்தான் இருக்கும்."

"அப்போ உங்க பம்ப் ஹவுஸ் ரீடிங் புத்தகத்துலயும் இப்படித்தான் எழுதுவீங்களா? நாங்க குடிக்கிற தண்ணிக்கும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல மாதம் கழித்து வந்த கோபம். குரலை உயர்த்தியே சொன்னேன். பிரஷரை ஏற்றி இறக்கி எழுதுவோம், மட்டத்தை எழுதுவோம், மோட்டார் நேரத்தை எழுதுவோம், அதெல்லாம் என்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போடத்தான். குளோரினை மட்டும் எவனும் பொய்யாக எழுத மாட்டான். அது குடிக்கிறவன் வயிற்றுக்குள் போவது. கால்மணிகூட அதற்கு மட்டும் மணி தவறாமல் எழுந்து போவான். குப்பியில் தண்ணீரைப் பிடித்து, மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்துத்தான் எழுதுவான். தொட்டி வழிந்த அன்றைக்கும் நான் குளோரின் பார்த்துவிட்டுத்தான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சரி. இதுல குளோரின் எதுப்பா?"

பெற்றவன் மீது இப்படியா பாய்வது? பதில் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். அவள் பேனாவை மூடி கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ரெண்டு" என்றேன்.

ஏழு என்பதை அடித்துவிட்டு ரெண்டு என்று எழுதினாள்.

"நேத்து?"

"ரெண்டு."

"மாமா வந்த அன்னைக்கு?"

"ரெண்டு. அவன் போனப்புறம் ஒண்ணு."

"மழை அன்னைக்கு?"

"ஒண்ணு."

ஒவ்வொன்றாக அடித்துத் திருத்திக்கொண்டே மேலே போனாள். முதல் வரிக்கு வந்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாய் கேட்கவில்லை.

"பூஜ்யம்."

"பூஜ்யம்னா என்னப்பா?"

"இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு அர்த்தம்."

பதினாலு வயதுப் பிள்ளையிடம் சொல்லும் பேச்சா இது? அவள் பூஜ்யத்தை எழுதினாள். வட்டம் சரியாக வரவில்லை. பேனாவை மூடினாள். அடுப்படியில் குழாய்ச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. மனைவி ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள்.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பல்லு வலிக்குதான்னு கேட்டா வலிக்கலைம்பாங்க. கம்பி பட்டதும் நாற்காலியோட எகிறுவாங்க" என்றாள். "உங்ககிட்ட எங்கே தொடுறதுன்னு எனக்குத் தெரியல. அதான் நடக்கவாவது வைப்போம்னு பாத்தேன்."

பதினைந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. வக்கீல் அறிவிக்கவில்லை.

"இதைக் கொண்டு போய்க் காட்டினா லெட்டர் கிடைக்காது" என்றேன்.

"கிடைக்காது" என்றாள் மனைவி.

"வேணும்னா வேற தாள் வாங்கிட்டு வரலாம்ப்பா. ஏத்தி இறக்கி நானே எழுதித் தர்றேன்" என்றாள் வக்கீல். அவள் முகத்தைப் பார்த்தேன். சும்மா சொல்லவில்லை. நான் சரி என்றால் எழுதிக் கொடுத்திருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேண்டாம் என்றேன். மிச்சமிருந்த நாட்களில் கடைசிக் கட்டத்தை மட்டும் அன்றன்றைக்கு அடித்துத் திருத்தினேன். ஒன்று, ரெண்டு, ரெண்டு, ஒன்று. நடுவில் கால்மணி தாளைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போன் பண்ணி, "அண்ணே, ஏத்தி இறக்கித்தான எழுதியிருக்கீங்க?" என்று அக்கறையாக விசாரித்தான். இறக்கி எழுதியிருக்கிறேன் என்றேன். புரியாமல் சிரித்தான்.

முப்பதாம் நாள் டாக்டரம்மா தாளை மேலிருந்து கீழே ஒருதரம், கீழிருந்து மேலே ஒருதரம் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் மனைவி கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு ஏழுன்னு இருந்ததெல்லாம் அடிச்சுத் திருத்தியிருக்கு."

"ஆமாங்க."

"திருத்தாம குடுத்திருந்தா இன்னைக்கே லெட்டர் குடுத்திருப்பேன். ஏன் திருத்தினீங்க?"

"பேனா மக கையில இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. முதல் வரியில் விரலை வைத்து, பூஜ்யம் என்று எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மகளிடம் சொன்னதையே சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது. அவர் இன்னும் நிறையக் கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாத்திரையை மாற்றினார். இரண்டு வாரத்துக்கு ஒருதரம் வரச் சொன்னார்.

"பம்ப் ஹவுஸ் இப்போ வேண்டாம். மூணு மாசம் பகல் வேலை, நாலு பேர் இருக்கிற இடம். அப்புறம் பார்ப்போம்."

புகார்ப் பிரிவு. தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் வலித்தது. அந்த மோட்டார்களை நான் காதால் கேட்டே எது எது என்று சொல்வேன். இனி எவனோ போய் அவற்றின் முன்னால் உட்காருவான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "கடைசி வரியை மட்டும் திருத்தாம விட்டுட்டீங்களே. இன்னைக்கு எவ்வளவு?"

அவசரப்படவில்லை. குப்பியை வெளிச்சத்தில் பிடிப்பது போலப் பிடித்துப் பார்த்தேன்.

"மூணு."

மனைவி திரும்பினாள். "காலையில ரெண்டுன்னு சொன்னீங்க."

"காலையில ரெண்டுதான்."

"இப்போ?"

"மூணு."

வேலை கையை விட்டுப் போன நேரத்தில் அது ஏன் ஏறியது என்று என்னைக் கேட்காதீர்கள். ரீடிங் எடுக்கிறவனுக்குக் காரணம் எழுதக் கட்டம் கிடையாது. டாக்டரம்மா கட்டத்தில் மூன்று என்று எழுதினார். என் மனைவி, ரத்தத்தைப் பார்த்தாலும் முகம் மாறாதவள், நாற்காலியில் குனிந்து கைப்பையின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வெளியே காத்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

பத்துக்கு மூன்று. அதற்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா என்று கேட்டேன். பேசாம இருங்க என்றாள். பேசாமல் இருந்தேன்.